விண்மீனுக்கு எல்லை வகுத்தவர்

விவேக் நகரில் வியாழக்கிழமையை அறிந்துகொள்ள நாட்காட்டி தேவையில்லை. பொழுது புலர்ந்தது முதல் குழந்தை இயேசு கோயிலை நோக்கி மக்கள் திரள் திரளாக வந்தவண்ணம் இருப்பார்கள். தெருவோரக் கடைகளில் பூமாலைகளோடு மெழுகுவர்த்திகளும் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். சுண்டுவிரல் பருமனில் சில. மணிக்கட்டுப் பருமனில் சில. வசதியுள்ளவர் பெரிய வர்த்தியை வாங்குகிறார்; அது நெடுநேரம் நின்று எரியும் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கில் தவறில்லை. மெழுகு மிகுந்தால் எரியும் நேரமும் மிகும் என்பது எல்லோரும் அறிந்ததே.

விண்ணுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அங்கே பருத்தது விரைவில் அழியும். சிறுத்தது நெடுங்காலம் வாழும். தை மாதத்து முன்னிரவில், நான் தங்கியிருக்கும் வீட்டு மொட்டை மாடியில் நின்று கிழக்கே நோக்கினால், நகரத்து விளக்குகளையும் மீறிச் செந்நிறமாக ஒரு விண்மீன் தெரியும். அதுவே ஆதிரை. நம் சூரியனைப்போல் பதினைந்து இருபது மடங்கு பொருள் அதில் இருக்கலாம் என்று கணிக்கிறார்கள். சூரியன் பிறந்து 460 கோடி ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்னும் ஏறத்தாழ 500 கோடி ஆண்டுகளுக்கு வேண்டிய எரிபொருள் அதனிடம் இருக்கிறது. ஆதிரை பிறந்து ஒரு கோடி ஆண்டுதான் ஆகியிருக்கும். அதற்குள் அது கிழப்பருவம் எய்திவிட்டது. 2019-ஆம் ஆண்டின் இறுதியில் அது திடீரென மங்கியபோது, வெடிக்கத்தான் போகிறதோ என்று உலகமே அண்ணாந்து பார்த்தது. தூசிப் படலம் ஒன்று மறைத்ததால் வந்த மங்கல் அது என்று பின்னர் தெரிந்தது. ஆயினும் ஆதிரையின் முடிவு வெடிப்புத்தான் என்பதில் வானநூலார்க்கு ஐயமில்லை.

பெருத்த விண்மீன் விரைந்து எரிவதற்குக் காரணம் அதன் எடையே. மேலே கிடக்கும் எடையைத் தாங்க வேண்டுமானால் உள்ளே வெப்பம் மிக வேண்டும்; வெப்பம் மிகுந்தால் அணுக்கள் இணைந்து எரியும் வேகம் பன்மடங்கு மிகுந்துவிடும். சூரியனைப் போல் 25 மடங்கு பொருள் உடைய ஒரு மீன், சூரியனைப் போல் பல பத்தாயிரம் மடங்கு ஒளியை வாரி இறைக்கிறது. கையிருப்பு 25 மடங்கு; செலவோ பல பத்தாயிரம் மடங்கு. குடும்பம் எத்தனை நாள் தாங்கும்?

சரி, எரிபொருள் தீர்ந்தபின் என்ன ஆகும்? சூரியனைப் போன்றவை அமைதியாக ஓய்வு பெறும்போது இவை மட்டும் ஏன் வெடித்துச் சாகின்றன? இந்த வினாவுக்கு விடையாக அமைந்த எண்ணைக் கணக்கிட்டவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்த கையோடு கப்பலேறிய பத்தொன்பது வயது இளைஞர். அவர் பெயர் சுப்பிரமணியன் சந்திரசேகர். நோபெல் பரிசு பெற்ற தமிழர் என்று அவர் பெயரை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். பரிசைத்தான் நாம் அறிவோம். அந்தப் பரிசுக்கு முன் ஐம்பது ஆண்டுகளாக அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை அறிந்தவர் நம்முள் குறைவு. அதை எழுதவே பேனாவை எடுத்தேன். நம் சங்கத்தில் பௌதிகம் பயிலாத நண்பர்களே மிகுதி என்பதை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

சந்திரசேகர் 1910-ஆம் ஆண்டு அக்டோபர் 19-ஆம் நாள் லாகூரில் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர சுப்பிரமணிய ஐயர் அரசாங்கக் கணக்குத் தணிக்கைத் துறையில் அதிகாரி. வேலையின் பொருட்டு அங்கே இருந்தார். தாயார் சீதாலட்சுமி. பெரிய பள்ளிப் படிப்பு அந்த அம்மையாருக்கு இல்லை. ஆயினும் தாமே ஆங்கிலம் கற்று, இப்சன் எழுதிய பொம்மை வீடு என்னும் நாடகத்தைத் தமிழாக்கிய பெண்மணி அவர். வீட்டில் பிள்ளைகள் பத்துப் பேர். ஆண்மக்களுள் மூத்தவர் சந்திரசேகர். 1918-இல் குடும்பம் சென்னைக்கு வந்தது. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும், பின்னர் 1925 முதல் 1930 வரை கடற்கரையை ஒட்டிய மாநிலக் கல்லூரியிலும் அவர் படித்தார்.

அவருக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, கணித மேதை இராமானுஜன் மறைந்த செய்தியைத் தாயார் அவரிடம் சொன்னார். சென்னையிலிருந்து சென்று கேம்பிரிட்ஜில் புகழ் பெற்று, முப்பத்திரண்டு வயதில் மறைந்த ஒருவரின் கதை அந்தச் சிறுவன் நெஞ்சில் ஆழப் பதிந்தது. மகனுக்கு விருப்பம் கணிதத்தில். தந்தையார் விரும்பியது ஐ.சி.எஸ். உத்தியோகம். தந்தையாரின் தம்பி சி. வி. ராமன் அரசாங்க வேலையை உதறிவிட்டு விஞ்ஞானத்துக்குப் போய்ச் சேர்ந்தவர். அந்த எடுத்துக்காட்டு வீட்டிலேயே இருந்தது. கடைசியில் பௌதிகத்தில் ஆனர்ஸ் என்று இணக்கம் ஏற்பட்டது. பௌதிக வகுப்பில் பெயர் இருந்தாலும் அவர் கணித வகுப்புகளுக்கும் போய் உட்கார்ந்தார் என்பர்.

1928-இல் ஜெர்மானியப் பேராசிரியர் சாம்மர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தார். அவர் எழுதிய நூலைக் கரைத்துக் குடித்திருந்த சந்திரசேகர், தயக்கமின்றி அவர் தங்கியிருந்த ஓட்டலுக்கே போய் நின்றார். பாராட்டு கிடைக்கும் என்று எதிர்பார்த்தவருக்கு அதிர்ச்சிதான் கிடைத்தது. நீ படித்தது எல்லாம் பழையதாகிவிட்டது, குவாண்டம் கொள்கை அடியோடு மாறிவிட்டது என்னும் பொருள்பட அந்தப் பெரியவர் கூறினார். கூறியதோடு விடவில்லை, உலோகத்துள் எலெக்ட்ரான்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்பது பற்றித் தாம் எழுதி அச்சிலிருந்த கட்டுரையின் படிகளையும் கொடுத்துச் சென்றார். அந்தத் தாள்களை வைத்துக்கொண்டு சந்திரசேகர் தம் முதல் ஆய்வுக் கட்டுரைகளில் ஒன்றை எழுதினார். அது 1929-இல் இலண்டன் ராயல் சங்கத்தின் வெளியீட்டில் வந்தது. ஆசிரியர் இன்னும் பட்டம் பெறாத மாணவர்! இதே காலத்தில் ஒரு போட்டியில் வென்றதற்காக அவர் பரிசாகப் பெற்ற நூல், விண்மீன்களின் உள்ளமைப்பைப் பற்றி ஆர்தர் எடிங்டன் எழுதியது. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1930-இல் இந்திய அரசாங்கம் கேம்பிரிட்ஜ் செல்ல உதவித்தொகை அளித்தது. அப்போது தாயார் கடும் நோயில் படுத்திருந்தார். தாயை இந்த நிலையில் விட்டுச் செல்வதா என்று உறவினர் தடுத்தனர். தாயார் ஒருவர்தாம் போகச் சொன்னவர். மகன் தனக்காக மட்டும் பிறந்தவன் அல்லன் என்பது அவர் எண்ணம். ஜூலை 31-ஆம் நாள் பம்பாயிலிருந்து பில்ஸ்னா என்னும் கப்பல் புறப்பட்டது. அடுத்த மே மாதம் தாயார் காலமானார். அந்தச் செய்தி மகனுக்குக் கேம்பிரிட்ஜில் கிடைத்தது. நான் பெங்களூரில் இருக்கிறேன். வீட்டிலிருந்து ஒரு செய்தி வந்தால் இரவு வண்டியைப் பிடித்து விடியற்காலையில் ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம். அவருக்கு அந்த வழி இல்லை.

கப்பலில் நடந்தது இதுதான். சிரியசு விண்மீனின் துணை போன்ற சில மீன்கள், சூரியன் அளவு பொருளைப் பூமி அளவு உருவத்துள் அடைத்து வைத்திருக்கின்றன. அவற்றை வெண்குறுமீன்கள் என்போம். அவற்றின் பொருளில் ஒரு தேக்கரண்டி எடுத்தால் பல டன் எடை இருக்கும். எரிபொருள் தீர்ந்துபோன இந்த மீன்கள் தம் எடையாலேயே நசுங்கிப் போகாமல் இருப்பது எப்படி? கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ரால்ஃப் ஃபவுலர் 1926-இல் அதற்கு விடை கண்டார். எலெக்ட்ரான்களை ஓர் அளவுக்குமேல் நெருக்க முடியாது. குவாண்டம் விதி இடம் தராது. அவை எதிர்த்து நிற்கும். நெரிசல் மிகுந்த பேருந்தில் கடைசிக் காலடி இடத்துக்கும் ஆள் நின்றபின் மேலும் ஒருவரை ஏற்ற முடியாதது போல என்று வைத்துக்கொள்ளலாம். இந்த எதிர்ப்பு வெப்பத்தைச் சார்ந்ததன்று. மீன் குளிர்ந்தாலும் அது குறையாது. ஆகவே எல்லா விண்மீன்களும் முடிவில் வெண்குறுமீன்களாகி அமைதியாகக் குளிர்ந்துபோகும் என்று எல்லோரும் நம்பினர்.

கடல் அமைதியான பிறகு சந்திரசேகர் கணக்கைத் தொடங்கினார். அவ்வளவு நெருக்கத்தில் எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கிய வேகத்தில் ஓடியாக வேண்டும் என்பது அவருக்குப் புலப்பட்டது. அப்படியானால் ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஃபவுலர் அதைச் சேர்க்கவில்லை. சேர்த்துப் பார்த்தால் எலெக்ட்ரான்களின் எதிர்ப்பு எதிர்பார்த்ததைவிடத் தளர்ந்து போகிறது. மீனின் பொருள் கூடக் கூட உருவம் சுருங்குகிறது. ஒரு குறிப்பிட்ட அளவில் உருவமே இல்லாமற் போகிறது! அதாவது, ஓர் எல்லைக்கு மேற்பட்ட பொருளை எலெக்ட்ரான்களால் தாங்க இயலாது. அப்போது அவர் அமைத்துக்கொண்ட பொருட்சேர்க்கையின்படி அந்த எல்லை சூரியனில் 0.91 பங்கு என வந்தது. பிற்காலத்தில் சேர்க்கையைத் திருத்தியபோது 1.4 மடங்கு ஆயிற்று. சந்திரசேகர் எல்லை என்று இன்று உலகெங்கும் பாட நூல்களில் உள்ளது இதுவே.

நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், எஸ்தோனியாவில் ஆண்டர்சனும் இங்கிலாந்தில் ஸ்டோனரும் இதே வழியில் சற்று முன்னரே சில அடிகள் வைத்திருந்தனர். நம்மவர் என்பதற்காக அவர்களை மறைக்க வேண்டியதில்லை. விண்மீனின் உள்ளமைப்பை முறையாகக் கட்டி, எல்லையை ஐயத்துக்கு இடமின்றி நிறுவியவர் சந்திரசேகர்.

கேம்பிரிட்ஜில் இந்த முடிவை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு பக்கக் கட்டுரையாக அது 1931-இல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் வெளிவந்தது. 1933-இல் டாக்டர் பட்டமும் டிரினிட்டிக் கல்லூரியின் ஃபெலோ பதவியும் கிடைத்தன. அடுத்த ஆண்டு ருஷ்யாவுக்குப் போனபோது, அங்கே அம்பார்த்சூமியன் என்னும் இளம் வானநூலார், தோராயம் எதுவும் இன்றி முழுக் கணக்கையும் செய்துவிடுமாறு தூண்டினார். திரும்பி வந்த சந்திரசேகர் பல மாதங்கள் இரவு பகலாகக் கணக்கிட்டார்.

அப்போது அவர் அறைக்கு அடிக்கடி வந்து போனவர் எடிங்டன். ஐன்ஸ்டைனின் கொள்கையை 1919-ஆம் ஆண்டுச் சூரிய கிரகணத்தின்போது சோதித்துக் காட்டி உலகப் புகழ் பெற்றவர். விண்மீன் ஆராய்ச்சியின் தந்தை எனத் தக்கவர். கணக்கு விரைவாக நடக்கக் கணக்குப் பொறி ஒன்றையும் அவரே ஏற்பாடு செய்து தந்தார். தம் நூலைப் பரிசாகப் பெற்றுப் படித்த ஓர் இந்திய மாணவனின் வேலையில் இந்த மேதை இவ்வளவு அக்கறை காட்டினால், அந்த மாணவன் என்ன நினைப்பான்? மகிழ்ந்துதானே போவான்?

1935-ஆம் ஆண்டு ஜனவரி 11. இலண்டனில் ராயல் வானநூற் சங்கத்தின் கூட்டம். முந்திய நாள் நிகழ்ச்சி நிரல் கைக்கு வந்தபோதுதான், தமக்கு அடுத்து அதே பொருளைப் பற்றி எடிங்டன் பேசப் போகிறார் என்பது சந்திரசேகருக்குத் தெரிந்தது. அத்தனை மாதங்கள் வந்து போனவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. மறுநாள் சந்திரசேகர் தம் முடிவை விளக்கி அமர்ந்தார். எடிங்டன் எழுந்தார். எல்லைக்கு மேற்பட்ட மீன் என்ன ஆகும் என்று கேட்டு, அவரே விடையும் கூறினார். அது சுருங்கிச் சுருங்கிச் சில கிலோமீட்டர் அளவுக்கு வந்து, ஒளியும் வெளியேற முடியாத அளவுக்கு ஈர்ப்பு வலுத்து, அப்போதுதான் ஓயும். இப்படி ஒரு கேலிக்கூத்து இயற்கையில் நடக்கவே முடியாது. அதைத் தடுக்க ஏதேனும் ஒரு விதி இருந்தே தீரும். ஆகவே சந்திரசேகரின் அடிப்படையே தவறு. இதுவே அவர் வாதத்தின் சாரம். பேச்சு நகைச்சுவையோடு அமைந்தது, அவை சிரித்தது. மறுமொழி கூறச் சந்திரசேகருக்கு வாய்ப்பு அளிக்கப்படவில்லை. கூட்டம் கலைந்தபோது பலர் வந்து அனுதாபம் தெரிவித்தனர். அவர் தவறு செய்துவிட்டார் என்றே எல்லோரும் கருதினர். அவருக்கு வயது 24, எடிங்டனுக்கு 52.

இந்த நிகழ்ச்சியைப் பற்றி எழுதுவோர் எடிங்டனைத் திட்டுவது வழக்கம். என் மனம் வேறு பக்கம் போகிறது. எடிங்டன் தாம் நம்பியதைச் சொன்னார்; தவறாகச் சொன்னார். கோபன்ஹேகனில் இருந்த போர், சூரிச்சில் இருந்த பௌலி முதலிய பௌதிக மேதைகளுக்குச் சந்திரசேகர் தம் கட்டுரையை நண்பர் மூலம் அனுப்பிக் கேட்டார். அவர் சொல்வதே சரி என்று அவர்கள் தனிமுறையில் தெரிவித்தனர். வெளியே வந்து சொல்ல ஒருவரும் முன்வரவில்லை. வானநூலாரின் சண்டை நமக்கெதற்கு என்று இருந்துவிட்டனர். அவையில் சிரித்தவர்களைவிட, உண்மை தெரிந்தும் வாய் மூடி இருந்தவர்கள்மேல்தான் எனக்குக் கோபம் வருகிறது. டிராக் முதலிய மூவர் எடிங்டனின் வாதத்தை மறுத்துக் கட்டுரை வெளியிட்டது 1942-இல். அதற்குள் ஏழு ஆண்டுகள் ஓடிவிட்டன.

சந்திரசேகர் என்ன செய்தார்? சில ஆண்டுகள் வாதிட்டுப் பார்த்தார். பின்னர், வாழ்நாள் முழுவதும் ஒரே வழக்கை நடத்திக்கொண்டிருப்பதில் பயனில்லை என்று முடிவு செய்தார். 1939-இல் விண்மீன் அமைப்பைப் பற்றித் தாம் எழுதிய பெருநூலில் முழுக் கணக்கையும் எழுதி வைத்தார். வேறு துறைக்குப் போய்விட்டார். எடிங்டனோடு உறவை முறித்துக்கொள்ளவும் இல்லை. தம் சைக்கிள் பயணங்களைப் பற்றி எடிங்டன் அவருக்குக் கடிதம் எழுதுவதுண்டு. 1944-இல் எடிங்டன் மறைந்தபோது அவரைப் போற்றிப் பேசியவர்களில் சந்திரசேகரும் ஒருவர். என்னால் அப்படி இருக்க முடியுமா என்று எண்ணிப் பார்க்கிறேன்; விடை சொல்ல வெட்கமாக இருக்கிறது.

1936-இல் அவர் இந்தியா வந்து லலிதாவை மணந்தார். மாநிலக் கல்லூரியில் அவருக்கு ஓராண்டு இளையவராகப் பௌதிகம் பயின்றவர் அந்த அம்மையார். நம் பெங்களூரில் ராமனின் ஆய்வுக்கூடத்திலும் பணியாற்றியவர். ஆறாண்டுகள் ஒருவரை ஒருவர் பாராமலே காத்திருந்து நடந்த திருமணம் அது. அந்த வருகையின்போது சந்திரசேகர் இன்னொரு நற்செயலும் செய்தார். பேராசிரியர் ஹார்டி கேட்டுக்கொண்டபடி இராமானுஜனின் மனைவியார் ஜானகி அம்மாளைத் தேடிக் கண்டு, அவரிடமிருந்த பாஸ்போர்ட்டுப் படத்தைப் பெற்று அனுப்பினார். இன்று நாம் எங்கும் காணும் இராமானுஜன் முகம் அந்தப் படத்திலிருந்து வந்ததே.

1937-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தம்பதியர் அமெரிக்கா சேர்ந்தனர். சிகாகோப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த யெர்க்ஸ் வானாய்வகத்தில் வேலை. அவருடைய நிறத்தைக் காரணம் காட்டி அவர் வகுப்பு எடுப்பதை எதிர்த்த அதிகாரி ஒருவரும் அங்கே இருந்தார். பல்கலைக் கழகத் தலைவர் ஹட்சின்ஸ் அந்த எதிர்ப்பைத் தள்ளிவிட்டார். யெர்க்ஸிலிருந்து சிகாகோ ஏறத்தாழ 130 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் காரோட்டிச் சென்று அவர் நடத்திய ஒரு வகுப்பில் மாணவர் இருவரே. லீ, யாங் என்னும் அந்தச் சீன இளைஞர் இருவரும் 1957-இல் நோபெல் பரிசு பெற்றனர். வகுப்பு முழுவதும் நோபெல் பரிசு பெற்றது என்று வேடிக்கையாகச் சொல்வார்கள்.

அவர் வேலை செய்த முறை விந்தையானது. ஒரு துறையை எடுத்துக்கொள்வார். ஏறத்தாழப் பத்தாண்டுகள் அதில் மூழ்குவார். தாம் கண்டதை எல்லாம் ஒரு பெருநூலாக எழுதுவார். பிறகு அந்தக் கதவைச் சாத்திவிட்டு அடுத்த துறைக்குப் போய் மீண்டும் அரிச்சுவடியிலிருந்து தொடங்குவார். விண்மீன் கூட்டங்களின் இயக்கம், ஒளி பரவுதல், பாய்மங்களின் நிலைப்பு என்று நூல்கள் வந்தன. 1952 முதல் 1971 வரை வானியற்பியலுக்கான முதன்மைப் பத்திரிகையின் ஆசிரியராகவும் இருந்தார். அந்த வேலையின் சுமையே ஒருவர் வாழ்நாளைத் தின்னப் போதுமானது.

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்த அறையில் இதற்கிடையே என்ன நடந்தது? இங்கேதான் நம் பெருத்த விண்மீன்களிடம் திரும்ப வேண்டும்.

1934-இலேயே, அதாவது எடிங்டன் அவையைச் சிரிக்க வைத்ததற்கு முந்திய ஆண்டிலேயே, அமெரிக்காவில் பாடே, சுவிக்கி என்னும் இருவர் ஒரு கருத்தை வெளியிட்டிருந்தனர். வானில் எப்போதோ ஒருமுறை தோன்றிப் பல கோடிச் சூரியன்களின் ஒளியோடு எரிந்து மறையும் சூப்பர்நோவா என்பது, சாதாரண விண்மீன் நியூட்ரான் மீனாக மாறும் நிகழ்ச்சி என்றனர். ஒரு கரையில் அவர்கள் வெடிப்பைக் கண்டனர். மறு கரையில் சந்திரசேகர் எல்லையைக் கண்டார். இரண்டுக்கும் பாலம் போட ஆளில்லை. 1939-இல் ஓப்பன்ஹைமரும் அவர் மாணவர் சினைடரும் பெருமீன் ஒன்று முடிவின்றிச் சுருங்குவதைக் கணக்கிட்டுக் காட்டினர். அந்த மாதமே ஐரோப்பாவில் போர் மூண்டது. விஞ்ஞானிகள் குண்டு செய்யப் போய்விட்டனர்.

பிற்காலத்தில் தெளிவான கதை இது. சூரியனைப்போல் 25 மடங்குள்ள மீன் ஹைட்ரஜனை ஏறக்குறைய 70 லட்சம் ஆண்டுகளில் எரித்துத் தீர்க்கிறது. ஹீலியம் சில லட்சம் ஆண்டுகளுக்கு வருகிறது. அடுத்துக் கரி; அது சில நூறு ஆண்டுகள். நியான் ஓராண்டு அளவு. ஆக்சிஜன் சில மாதங்கள். சிலிக்கன் எரிந்து இரும்பாவதற்கு ஒரு நாள் போதும்! ஒவ்வொரு கட்டத்திலும் கிடைக்கும் பயன் குறைகிறது, செலவு கூடுகிறது. வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக விற்று அடுப்பெரிக்கும் நிலை அது. இரும்பு வந்ததும் எல்லாம் நின்றுவிடுகிறது. இரும்பை இணைத்தால் ஆற்றல் கிடைக்காது.

இப்போது மீனின் நடுவே பூமி அளவில் ஓர் இரும்புக் கரு. அதை அப்போதைக்குத் தாங்கி நிற்பவை எலெக்ட்ரான்கள். சிலிக்கன் எரிய எரியக் கருவின்மேல் இரும்பு குவிகிறது, சூரியனில் 1.2 மடங்கு, 1.3 மடங்கு... 1.4-ஐ நெருங்கும்போது எலெக்ட்ரான்கள் கைவிரித்துவிடுகின்றன. கப்பல் தளத்தில் அந்த இளைஞர் போட்ட கணக்கு அப்போது நடைமுறைக்கு வருகிறது. ஒரு வினாடிக்கும் குறைந்த நேரத்தில் கரு இடிந்து விழுந்து, 20 கிலோமீட்டர் சொச்சம் குறுக்களவுள்ள நியூட்ரான் பந்தாகிறது. நம் பெங்களூரின் வெளிவட்டச் சாலைக்குள் ஏறத்தாழ அடங்கிவிடும் உருண்டை. எடையோ சூரியனைவிட மிகுதி. விழுந்த வேகத்தில் வெளிப்படும் ஆற்றலில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கை நியூட்ரினோ என்னும் நுண்துகள்கள் அள்ளிக்கொண்டு ஓடுகின்றன. எஞ்சிய ஒரு பங்கில் மீனின் உடல் முழுவதும் சிதறுகிறது. 70 லட்சம் ஆண்டு வாழ்வின் முடிவு ஒரு வினாடிக்குள் தீர்மானம் ஆகிவிடுகிறது. கரு மேலும் கனத்ததாக இருந்தால் நியூட்ரான்களாலும் தாங்க முடியாமல் கருந்துளை உண்டாகிறது. எடிங்டன் கேலிக்கூத்து என்று வருணித்தது இதைத்தான். அவர் அன்று விளையாட்டாகத் தீட்டிய சித்திரத்தில் ஒரு கோடும் பிழையில்லை!

1054-ஆம் ஆண்டு, நம் நாட்டில் கங்கைகொண்ட சோழபுரம் தலைநகராய் விளங்கிய காலத்தில், இடப ராசியில் ஒரு மீன் வெடித்தது. 23 நாட்கள் பகலிலேயே தெரிந்தது என்று சீனர் எழுதி வைத்தனர். அது வெடித்த இடத்தில் இன்று நண்டு வடிவ மேகம் ஒன்று உள்ளது. 1968-இல் அந்த மேகத்தின் நடுவே, வினாடிக்கு முப்பது முறை துடிக்கும் நியூட்ரான் மீன் கண்டுபிடிக்கப்பட்டது. அதன்பின் ஐயுறுவார் யார்? கருந்துளைகளும் பேச்சுக்கு வந்தன. சந்திரசேகர், தாம் முப்பத்தைந்து ஆண்டுகளுக்குமுன் சாத்திய கதவைத் தம் அறுபதுகளில் மீண்டும் திறந்தார். இடையில் இதய நோய் வந்தது. அறுவைச் சிகிச்சையும் நடந்தது. கருந்துளைகளின் கணிதக் கொள்கை பற்றிய அவர் நூல் 1983-இல் வெளிவந்தது.

அதே ஆண்டு அக்டோபர் 19-ஆம் நாள், அவருடைய 73-ஆவது பிறந்த நாளில், நோபெல் பரிசு அறிவிக்கப்பட்டது. பரிசில் பாதி அவருக்கு. மறு பாதி வில்லியம் ஃபவுலருக்கு. முன்பு சொன்ன ரால்ஃப் ஃபவுலர் வேறு, இவர் வேறு. விண்மீன்களின் உள்ளே தனிமங்கள் எப்படிச் சமைகின்றன என்று ஆராய்ந்தவர் இவர். இரண்டு பாதிகளையும் சேர்த்தால் ஒரு பெருமீனின் வாழ்வும் சாவும் முழுமையாகின்றன. சந்திரசேகருக்கோ ஒரு மனக்குறை. இளமைக் கால வேலையையே பரிசுக்குழு முன்னிறுத்தியது போலவும், பின்வந்த ஐம்பதாண்டு உழைப்பு பின்னே தள்ளப்பட்டது போலவும் அவருக்குப் பட்டது. அது நியாயமான குறையே என்பேன்.

1987 பிப்ரவரி 23-ஆம் நாள், தென்வானத்தில் பெரிய மகெல்லன் மேகத்தில் ஒரு நீலப் பெருமீன் வெடித்த ஒளி பூமியை எட்டியது. ஒளி தெரிவதற்குச் சில மணி நேரம் முன்னரே, ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ருஷ்யாவிலும் நிலத்தடிக் கருவிகள் இரண்டு டஜன் அளவு நியூட்ரினோக்களைப் பிடித்துவிட்டன. கரு இடிந்ததற்கு நேரடிச் சாட்சி கிடைத்துவிட்டது. அப்போது சந்திரசேகருக்கு வயது 76. ஜவ்வாது மலையில் உள்ள நம் காவலூர் வானாய்வகத்திலிருந்தும், தென் அடிவானத்தை ஒட்டித் தெரிந்த அந்த மீனின் நிறமாலையைப் பதிவு செய்தார்கள்.

கடைசி ஆண்டுகளில் அவர் நியூட்டனின் பிரின்சிபியாவை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு தேற்றத்தையும் முதலில் தாமே நிறுவிப் பார்த்து, பிறகு நியூட்டனின் வழியோடு ஒப்பிட்டு உரை எழுதினார். அந்நூல் 1995-இல் வெளிவந்தது. அதே ஆண்டு ஆகஸ்டு 21-ஆம் நாள் சிகாகோவில் மறைந்தார். லலிதா அம்மையார் 2013 வரை, நூறாண்டு கடந்து வாழ்ந்தார். 1999 ஜூலையில் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி ஒன்று சந்திரா என்னும் பெயரோடு விண்ணில் ஏவப்பட்டபோது அவர் அங்கே இருந்தார். அது அனுப்பி உலகம் கண்ட முதல் படம், ஏறத்தாழ 340 ஆண்டுகளுக்கு முன் வெடித்துச் சிதறிய பெருமீன் ஒன்றின் எச்சம். ஒளிரும் சிதறல்களின் நடுவே அதுவரை எவரும் கண்டிராத ஒரு சிறு புள்ளி இருந்தது. எல்லையைத் தாண்டி இடிந்த கருவின் மிச்சம் அது.

விவேக் நகரிலிருந்து தெற்கே ஈஜிபுரத்தைக் கடந்து கோரமங்கலம் சென்றால் இந்திய வானியற்பியல் நிறுவனத்தைக் காணலாம். காவலூர் அவர்களுடையதே. இமயத்துக்கு அப்பால் லடாக்கில் ஹான்லே என்னும் இடத்தில், 4500 மீட்டர் உயரத்தில், அவர்கள் நிறுவிய இரண்டு மீட்டர்த் தொலைநோக்கிக்கும் சந்திரா என்றே பெயர். அந்தக் குளிரில் ஆள் உட்கார வேண்டியதில்லை. நம் ஊரை அடுத்த ஹொசகோட்டையிலிருந்தே செயற்கைக்கோள் வழியாக அதை இயக்குகிறார்கள். 2023 மே மாதத்தில், இரண்டு கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் ஒரு செம்பெருமீன் வெடித்ததை ஜப்பானியர் ஒருவர் முதலில் கண்டார். அடுத்தடுத்த நாட்களில் ஹொசகோட்டையில் அமர்ந்தவர்கள் சந்திராவை அதன் பக்கம் திருப்பினார்கள். இரவுக்கு இரவு அதன் ஒளி மாறுவதைக் குறித்துக்கொண்டே வந்தார்கள்.